நெஞ்சு வருத்தம்

ஈசிஜி எடுக்கும் அறைக்குள் ஐந்து பேர் இருந்தோம். கட்டிலில் சின்னம்மா, தலைமாட்டில் அவருடைய மகளான என் தங்கச்சி, சுவரோடு நான், கதவடியில் சின்னம்மாவின் அண்ணன் பெரியமாமா, வயர்களைக் கையில் பிடித்தபடி அங்கு வேலை செய்யும் ஒரு பெடியன். இல்லாதவர் ஒருவர்தான்: பெரியமாமா கேட்டு நின்ற பெண் ஊழியர். சின்னம்மா நீலத் துவாயொன்றைக் கழுத்துவரை இழுத்துப் பிடித்திருந்தார். துவாய் துடித்தது. கொஞ்சம் துடித்து, நின்று, பிறகு எதையோ பிடிக்க ஓடுவதுபோல அவசரமாகத் துடித்தது.

"பொம்பிளைப்பிள்ளை வரட்டும், தம்பி. நாங்கள் நிக்கிறம்," என்றார் மாமா.

"அவா சாப்பிடப் போட்டா, ஐயா. சுணங்கும்."

"பரவாயில்லை."

யாருக்குப் பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை.

சின்னம்மாவுக்கு வந்தது மார்புப் புற்றுநோய். இடது மார்பை எடுத்த பிறகு நாளுக்கு மூன்று குளிசை கொடுத்தார்கள். நோய் திரும்பி வராமலிருக்க அந்தக் குளிசை வேண்டும். ஆனால் அது இதயத்தின் தாளத்தைக் குழப்பக்கூடியது. இடைக்கிடை ஈசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும், கேட்காமல் வேறெந்த மருந்தும் குடிக்கக்கூடாது என்று கிளினிக் டொக்டர் சொன்னார். எங்கள் குடும்பத்தில் முதன்முதல் படித்தவன் நான் என்பதால் வீட்டாருக்கு விளங்கப்படுத்தும் வேலை என்னிடம் வந்தது. யார் கேட்டாலும் குளிசையின் பெயரைச் சொல்லுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். மாமா முழுவதையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு, "அதுசரி, ஊருக்கு என்னெண்டு சொல்லுறது?" என்றார்.

சித்தப்பா இல்லாத வீட்டில் அவர் சொன்னதுதான் முடிவு. மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். மார்பு என்ற சொல்லும் வாயில் வரக்கூடாது, புற்றுநோய் என்ற சொல்லும் வரக்கூடாது. அவரே ஒரு சொல்லைக் கண்டுபிடித்தார்: நெஞ்சு வருத்தம். "பொய்யில்லைத்தானே? நெஞ்சிலைதானே வந்தது." எங்கள் பக்கத்தில் நெஞ்சு வருத்தம் என்றால் இதய நோய்தான். ஒரே வாரத்தில் ஸ்கந்தபுரம் முழுவதற்கும் சின்னம்மா இதய நோயாளி ஆனார். பார்க்க வந்தவர்கள் உப்பைக் குறைக்கவும் உள்ளிப்பூண்டு தின்னவும் புத்தி சொன்னார்கள். "இதயம் ஒண்டுதான்ரா எனக்கு மிச்சமா நல்லாயிருக்கு. அதுக்குப்போய் பழி போடுறாங்கள்," என்று போனில் சொல்லிச் சிரித்தார்.

நான் புதுக்குடியிருப்பில் ரியூசன் வகுப்பெடுக்கிறேன். ஒரு கிழமை சின்னம்மாவுக்கு வயிற்றைப் பிரட்டி வாந்தி எடுத்திருக்கிறது. மாமா சந்தியிலுள்ள டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒழுங்காகத்தான் கேட்டிருக்கிறார்கள்: வேறு குளிசை ஏதும் குடிக்கிறாவோ? "நெஞ்சு வருத்தத்துக்குக் குடிக்கிறா," என்றார் மாமா. தங்கச்சி குளிசையின் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். பின்னாலிருந்த வாங்குப்பலகையில் மாப்பிள்ளை பகுதிச் சொந்தக்காரர் ஒருவர் இருந்தார். மாமா அவளுடைய காலை மிதித்தாராம். செருப்புக் காலால்.

வாந்திக்குக் கொடுத்த குளிசை பலரும் குடிப்பதுதான். ஆனால் சின்னம்மாவின் குளிசையோடு சேர்ந்தால் இதயத் தாளத்தை இன்னும் குழப்புவது. அதைக் குடித்து இரண்டாம் நாள் தலை சுற்றியது, பிறகு உள்ளே படபடத்தது. தங்கச்சி அழுதுகொண்டு போன் எடுத்தாள். நான் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, மாமா இன்னும் மானத்துக்குக் காவல் நின்றார்.

பார்த்துக்கொண்டே கிடந்த சின்னம்மா துவாயை இழுத்துக் காலடியில் எறிந்தார்.

"வெட்டி எடுத்தாச்சு, அண்ணை. மறைக்கிறதுக்கு இதிலை என்ன கிடக்கு? தம்பி, நீர் வந்து கொழுவும்."

பெடியன் தழும்பின் மேல் வயரைப் பொருத்தினான். மாமா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். மெசினிலிருந்து ஓடி வந்த தாளைப் பார்க்க வந்த டொக்டர், வேறென்ன மருந்து குடித்தார் என்று கேட்டார். தங்கச்சி பையிலிருந்து வாந்திக் குளிசையை எடுத்து நீட்டினாள். "அது சின்னக் குளிசைதான், டொக்டர்," என்றார் மாமா. இரண்டையும் உடனே நிறுத்தினார்கள்.

அன்று பின்னேரம் மாமா எனக்கு ஒரு பிளேன்ரீ வாங்கி வந்தார். கோப்பை சுத்தம், அவருடைய கையும் சுத்தம். ஆனால் அந்த விரல்கள் பட்ட இடத்தில் வாய் வைக்க மனமில்லாமல் கோப்பையைக் கீழே வைத்தேன். இன்றைக்கும் அவர் வீட்டில் நான் தண்ணீர் குடிப்பதில்லை. தங்கை சாகக் கிடந்ததற்காக அவர் கலங்கியிருந்தால் மறந்திருப்பேன். அவர் கேட்டது, "அந்தப் பெடியன் எந்த ஊராம்?" என்பதுதான்.

அந்தக் கலியாணம் பிறகு சீதனக் காணிக் கதையில் குழம்பிப்போனது. வருத்தத்தைப் பற்றி மாப்பிள்ளை பகுதி வாயே திறக்கவில்லை.

சின்னம்மா இப்போதும் ஈசிஜிக்குப் போகிறார். நீலத் துவாயையும் கொண்டுபோகிறார், வயர் கழற்றிய பிறகு பசையைத் துடைக்க. தாளம் சீராகத்தான் இருக்கிறது. ஆனால் இதயம் இனியும் தாங்குமோ என்ற பயத்தில் டொக்டர்மார் மருந்தைக் குறைத்தே திரும்பத் தொடங்கினார்கள். இதுவும் வேலை செய்யும் என்கிறார்கள். நானும் அப்படித்தான் சின்னம்மாவுக்குச் சொல்கிறேன். நான் போய் நிற்கும் நாட்களில், காலையில் அவர் உள்ளங்கையில் குளிசையைத் தட்டிப் போடும்போது மட்டும் எனக்குக் கணக்கு வருகிறது. மூன்று இருந்த இடத்தில் இரண்டு. மாமாவின் மானத்துக்கு நாங்கள் கொடுத்தது, நாளுக்கு ஒரு குளிசை.