பொன்னுரங்கம் மாமாவின் ஆகஸ்ட் மாதச் சாப்பாடு

ஒரே ஒரு வேளைச் சாப்பாட்டுக்காக ஒரு மனுஷன் மாசம் முழுக்கத் திட்டம் போடுவானா? என் அக்காள் புருஷன் பொன்னுரங்கம் போட்டார். நான் பக்கத்தில் இருந்து பார்த்து, பல்லைக் கடித்து, சில நாள் சிரித்து, பல நாள் கத்தித் தொலைத்தவன். என் பெயர் சுப்பராயலு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை. எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ஊரே சொல்லும். மாமாவோடு நீங்கள் முப்பது வருஷம் பழகியிருந்தால் உங்களுக்கும் அங்கேதான் வந்து உட்கார்ந்திருக்கும்.

மாமா டெலிபோன் ஆபீஸில் லைன்மேன். எதையும் முன்கூட்டி யோசிக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. சொந்த வீடு கட்டும்போது மாடிப்படிக்கு இடம் விட மறந்துவிட்டார். இன்றைக்கும் அந்த வீட்டில் ஏணி வைத்துத்தான் மொட்டை மாடிக்கு ஏறவேண்டும். கேட்டால், "லைன்மேன் வூட்ல ஏணிக்கா மச்சான் பஞ்சம்?" என்பார். அப்படிப்பட்ட மனுஷன்.

2009 சித்திரை வெயிலில் கம்பத்தின் மேல் இருக்கும்போது தலை சுற்றியிருக்கிறது. இறங்கி வந்து ரத்தம் கொடுத்துப் பார்த்தால் சர்க்கரை முந்நூற்று எண்பது. டாக்டர் சோறு, இட்லி, தோசை, பூரி, கிழங்கு எல்லாவற்றுக்கும் ஒரே கோடாகப் போட்டுவிட்டார். முட்டை சாப்பிடு, மீன் சாப்பிடு, கீரையும் காயும் வயிறு முட்டச் சாப்பிடு, மாவுப் பண்டம் மட்டும் தொடாதே என்றார். மாமா மறுபேச்சுப் பேசவில்லை. அவருடைய அண்ணன் கலியமூர்த்திக்கு இதே சர்க்கரையில் முழங்காலுக்குக் கீழே எடுத்தாகிவிட்டது. அது அவர் கண்ணுக்குள்ளேயே நின்றது.

ஆனால் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து டாக்டரே இரங்கி வந்தார். "மாசத்துல ஒரே ஒரு வேளை, ஆசைப்பட்டதைச் சாப்புடுங்க. ஆனா முன்னாடியே முடிவு பண்ணி வச்சுச் சாப்புடணும். எதிர்ல வந்ததை எல்லாம் அள்ளிப் போட்டுக்கிறது கூடாது."

அவ்வளவுதான். மாடிப்படியை மறந்தவருக்கு அன்றைக்குத்தான் திட்டம் என்றால் என்னவென்று தெரிந்தது. ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிறு, மதியம். நாட்காட்டியில் அந்தத் தாளைச் சிவப்புப் பேனாவால் சுழித்துவைப்பார். மற்ற நாளெல்லாம் முட்டைக்கோசைச் சோறு மாதிரிப் பொடியாக நறுக்கி, அதன் மேல் மீன் குழம்பை ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவார். மே மாதம் பரோட்டா. ஜூன் மாதம் பரங்கிப்பேட்டையில் சிநேகிதர் வீட்டுப் பிரியாணி. ஜூலை மாதம் வீட்டிலேயே வடித்த சோறும் சுறாப்புட்டும். சாப்பிட்டு முடித்த அன்று சாயங்காலமே கடைக்கு வந்து, "மச்சான், அடுத்த மாசம் என்ன பண்ணலாம்?" என்று ஆரம்பிப்பார். எனக்கு எதிரில் ஜெராக்ஸ் எடுக்க ஆள் நிற்கும். அவருக்கு அது கண்ணில் படாது.

ஆகஸ்ட் மாதத்துக்கு அவர் முடிவு பண்ணியது சிதம்பரம். தெற்கு வீதிப் பக்கம் ஒரு மெஸ். மிளகும் சீரகமும் பொரித்து நெய் விட்ட சம்பா சாதம், சுட்ட கத்தரிக்காய் கொத்சு, அதற்கு மேல் வத்தக்குழம்பு, ரசம், பாயசம். இதற்காக ஒருநாள் லீவு போட்டுவிட்டுச் சிதம்பரம் போய், மெஸ்காரரிடம் கொத்சு எத்தனை மணிக்கு அடுப்பிலிருந்து இறங்கும் என்று விசாரித்து வந்தார். பதினொன்றரை என்றாராம். பெண்ணெடுக்கப் போகிறவர்கள் கூட அவ்வளவு விசாரிக்க மாட்டார்கள்.

பெண்ணெடுக்கும் பேச்சும் அப்போது நடந்துகொண்டுதான் இருந்தது. மாமாவின் ஒரே பையன் எழிலன், சிப்காட்டில் சூப்பர்வைசர், வயது முப்பத்தொன்று. என் அக்காள் ராசம்மாள் அதற்குள் ஆறு பெண் பார்த்துத் தள்ளிவிட்டிருந்தாள். ஒரு வீட்டில் காபி ஆறியிருந்ததாம். ஒரு வீட்டில் கேசரியில் கட்டி தட்டியிருந்ததாம். சமையல் சரியில்லாத வீட்டில் எதுவும் சரியிருக்காது என்பது அவள் கட்சி. ஏழாவதாக வந்தது சிதம்பரம் வித்யா. கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிற பெண். போட்டோவைப் பார்த்த அன்றே எழிலன் கடைக்கு வந்து, கீழே பார்த்துக்கொண்டு, "மாமா, இது அமைஞ்சா நல்லாருக்கும். அம்மா எதையாவது சொல்லிக் கெடுத்துடாம பாத்துக்குங்க" என்றான். அந்தப் பையன் அதற்கு முன் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

மாமா என்ன செய்தார் தெரியுமா? பெண் பார்க்கிற நாளையும் அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கே வைத்துவிட்டார். பத்தரைக்குப் பெண் வீடு. பன்னிரண்டுக்கு எமகண்டம் ஆரம்பித்துவிடும் என்று சொல்லி அதற்கு முன்பே கிளம்பிவிடலாம். பன்னிரண்டே காலுக்கு மெஸ்ஸில் இலை. ஒரே பஸ் பயணத்தில் இரண்டு காரியம் என்று அவருக்கு ஒரே குஷி.

"உங்க புள்ளை கல்யாணமா, கத்தரிக்கா கொத்சா?" என்று கத்தினேன்.

"ரெண்டுந்தான் மச்சான். ஏன் ஜாஸ்தி டென்சன் ஆவுற?" என்றார்.

பஸ்ஸில் அக்காள் ஒரு உத்தரவு போட்டாள். சர்க்கரை வியாதியைப் பற்றிச் சம்பந்தி வீட்டில் மூச்சு விடக்கூடாது. "சக்கரைக்காரக் குடும்பம்னு பேர் ஆயிடும். அவுங்க யோசிப்பாங்க." மாமா தலையை ஆட்டினார். அவர் மனசு முட்லூர் தாண்டும்போதே தெற்கு வீதிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

வித்யாவின் அப்பா சின்னதம்பி, அம்மா அஞ்சம்மாள். பளிச்சென்று கூட்டி மெழுகிய வீடு. கேசரி, வாழைக்காய் பஜ்ஜி, காபி எல்லாம் வந்தது. கேசரியில் கட்டி இல்லை. நான் முதலில் அதைத்தான் பார்த்தேன். மாமா மட்டும் தட்டைத் தொடவில்லை.

"எடுத்துக்குங்க சம்பந்தி" என்றார் அஞ்சம்மாள்.

"இருக்கட்டும்ங்க. வவுறு ரொம்பிக் கெடக்கு."

"ஒரு பஜ்ஜியாவது."

"வேணாங்க."

காபியும் வேண்டாம் என்றார். காரணத்தைச் சொல்லக் கூடாது. சாப்பிடவும் கூடாது, சாப்பிட்டால் மெஸ் போச்சு. வித்யா வந்து வணக்கம் சொன்னபோது ஒரு பார்வை பார்த்தார். உடனே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்றரை. கொத்சு இறங்கியிருக்கும். அவர் மூஞ்சியில் அதுதான் எழுதியிருந்தது. எனக்கும் அக்காவுக்கும் படிக்கத் தெரியும். அந்த வீட்டுக்காரர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் கண்ணுக்கு, மாப்பிள்ளையின் அப்பா ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்காமல், எப்போது கிளம்பலாம் என்று உட்கார்ந்திருந்தார்.

வித்யா உள்ளே போய்விட்டாள். ஏதோ பாத்திரத்தை ணங்கென்று வைக்கிற சத்தம் கேட்டது. சின்னதம்பி தொண்டையைச் செருமினார்.

"மனசுக்குப் புடிக்கலைன்னா நேராவே சொல்லிடுங்க. நாங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம். அடுத்த ஞாயித்துக்கெழம விருத்தாசலத்துலேர்ந்து ஒரு எடம் வராங்க."

எழிலன் என் முழங்காலைப் பிடித்தான். பிடி என்றால் எலும்பு நொறுங்குகிற பிடி. 'யோவ், அவருக்குச் சர்க்கரைய்யா!' என்று கத்த வாயைத் திறந்தேன். அக்காள் இடுப்பில் கிள்ளினாள்.

மாமா எழுந்தார். கிளம்பிவிட்டார், எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கை கழுவத் தண்ணி எங்க இருக்கு?" என்றார் மாமா. "எலையப் போடுங்க."

எங்கள் பக்கத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று சொல்லிவிடுகிறேன். பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜியும் காபியும் சாப்பிடலாம், அது யாரையும் கட்டாது. இலை போட்டு உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது. அதற்கப்புறம் பின்வாங்குகிற பேச்சே இல்லை. அதனால்தான் பேச்சு முடியாத வீட்டில் யாரும் சோறு ஆக்கி வைக்க மாட்டார்கள். ஆக்கி வைத்து, வந்தவர்கள் எழுந்து போய்விட்டால் அவமானம்.

"என்னங்க, ஒரு வார்த்தை கேக்காம..." என்று அக்காள் பல்லுக்குள் சீறினாள். வீட்டுக்குப் போய், ஆற அமர யோசித்து, ஏதாவது குறை கண்டுபிடிக்கலாம் என்று இருந்தவள். அவள் சீறியது யார் காதிலும் விழவில்லை. சின்னதம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைக்கு வாழை இலை அறுக்க ஓடினார். அஞ்சம்மாள், "அய்யோ, சோத்துக்கு ஒலைகூட வைக்கலியே" என்று அழுகையும் சிரிப்புமாக நின்றார். பன்னிரண்டுக்குள் கை நனைத்தாக வேண்டும். இருப்பது இருபது நிமிஷம். இருபது நிமிஷத்தில் என்ன செய்ய முடியும்? உப்புமாதான். வித்யாவே கிண்டினாள். உள்ளே கரண்டி பறக்கிற சத்தம் கூடம் வரை கேட்டது.

மாமாவுக்கு உலகத்தில் பிடிக்காத பண்டம் ஒன்று உண்டென்றால் அது ரவா உப்புமா. கல்யாணமான புதிதில் அக்காள் கிண்டிக் கொடுத்ததற்கு இரண்டு நாள் பேசாமல் இருந்தவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மாசத் திட்டம் உப்புமாவில் போய் முடிகிறதே!

முதல் பந்தியில் மாமா, எழிலன், நான். பெண்கள் அடுத்த பந்தி. மாப்பிள்ளையின் அப்பாதான் முதலில் கை நனைக்க வேண்டும் என்று வித்யா அவர் இலையில் முதலில் பரிமாறினாள். பன்னிரண்டுக்கு நாலு நிமிஷம். மாமா ஒரு வாய் எடுத்துப் போட்டார். கண் அகலமாக விரிந்தது. பிறகு சட்டென்று கையை நீட்டிக் குண்டானைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"யாருக்கும் குடுக்காதம்மா! இது எனக்கு! இப்படி உப்புமா சாப்ட்டு எத்தினி வருசமாச்சு!"

சாப்பிட்டார். மறுபடி வைக்கச் சொன்னார். மூன்றாவது தடவை தானே போட்டுக்கொண்டார். எங்கள் இலையில் வாழைப்பழமும் கேசரியும்தான். அக்காள் ஆத்திரத்தோடு எட்டிப் பார்த்தபோது குண்டானில் அடிப்பிடித்தது தவிர ஒன்றுமில்லை. சின்னதம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூடம் முழுக்கச் சிரிப்பு. எழிலன் எதிரில் இருந்த சுவரைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தான். எனக்கு மட்டும் மானம் போனது. எமகண்டத்தில் கிளம்பக்கூடாது என்று ஒன்றரை மணி வரை உட்கார வைத்துவிட்டார்கள். மாமா அவ்வளவு நேரமும் ஏப்பம் விட்டபடி சம்பந்தியோடு ஊர்க்கதை பேசினார்.

திரும்பும்போது ஆட்டோ தெற்கு வீதி வழியாக வந்தது. மெஸ் வாசலில் இன்னும் ஆள் நின்றார்கள். நெய் வாசனை ரோட்டுக்கே வந்தது. எனக்கே நாக்கில் ஊறியது.

"எறங்குங்க. ஒரு வாய் சாப்ட்டுப் போலாம். யார் கேக்கப் போறாங்க?" என்றேன்.

"ஆயிடுச்சு மச்சான்" என்றார். "ஆகஸ்ட்டுது ஆயிடுச்சு." மெஸ் மறையும் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பஸ்ஸில் அக்காளும் எழிலனும் முன்னால் உட்கார, நாங்கள் கடைசிக்கு முந்தின சீட். அங்கே பிடித்துக்கொண்டேன். "வெக்கமா இல்ல உங்களுக்கு? கை நனைக்க ஒரு வாய் போதாதா? புதுச் சம்பந்தி வூட்ல குண்டானையே புடுங்கித் தின்னா என்ன நெனப்பாங்க? எங்களுக்காவது ஒரு கரண்டி விட்டீங்களா?"

மாமா முன்னால் அக்காளின் தலையைப் பார்த்துக்கொண்டார். பிறகு என் காதருகே குனிந்தார்.

"அதுல உப்பே இல்ல மச்சான்."

"என்னது?"

"துளி உப்பு இல்ல. பாவம், பதட்டத்துல போட மறந்துடுச்சு. உங்கக்கா ஒரு வாய் வச்சிருந்தா போச்சு, சாவுற வரைக்கும் சொல்லிக் காட்டுவா. அந்தப் பொண்ணு காலத்துக்கும் தலை குனிஞ்சு நிக்கணும். அதான் வழிச்சுட்டேன். மூணாவது தடவை எறங்கவே மாட்டேன்னுது. தண்ணிய ஊத்தித் தள்ளுனேன்."

எனக்கு வந்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. சிரித்தேன், சிரித்தேன், எந்த இடத்தில் அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. கண்டக்டர் வந்து, "என்னா ஸார், ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்டார். இந்த மனுஷனை முப்பது வருஷமாக முட்டாள் என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறேனே என்று இருந்தது. என் அக்காவை நல்ல ஆள் கையில்தான் கொடுத்திருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"உங்கக்காகிட்ட சொல்லிடாத" என்றார். நான் சொல்லவில்லை.

கல்யாணம் தை மாதம், கடலூரில். ஜோசியரை உருட்டி மிரட்டி, ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமையிலேயே முகூர்த்தம் வாங்கிவிட்டார். அதற்கு முதல் வாரம் எடுத்த பரிசோதனையில் சர்க்கரை நூற்று முப்பது. டாக்டரே கை குலுக்கினாராம். சமையல்காரரைப் பிடித்துச் சம்பா சாதமும் கொத்சும் போடச் சொல்லியிருந்தார். இரண்டு கால்களாலும் பந்தல் முழுக்க நடந்து எல்லோரையும் உட்காரவைத்துவிட்டு, கடைசிப் பந்தியில்தான் உட்கார்ந்தார். பக்கத்தில் நான். எதிர் வரிசையில் அக்காள்.

இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாயிற்று. அப்போது மணக்கோலத்தில் வித்யா வந்தாள். பரிமாறுகிறவர் கையிலிருந்த உப்புக் கிண்ணத்தை வாங்கினாள். மாமாவின் இலை ஓரத்தில் ஒரு கை நிறைய உப்பை வைத்தாள். ஒரு சிட்டிகை வைக்கிற இடத்தில் ஒரு குவியல்.

"அன்னைக்கு அடிப்பிடிச்சதைச் சுரண்டி வாயில போட்டேன் மாமா" என்றாள் மெதுவாக. அவள் கண் கலங்கியிருந்தது, உதடு சிரித்தது. "அன்னைக்கு வைக்க வேண்டியது இது."

"என்னடி அங்க ரகசியம்?" என்றாள் அக்காள் எதிர் வரிசையிலிருந்து.

"ஒண்ணுமில்ல, நீ சாப்புடு" என்ற மாமா, அந்த உப்பில் ஒரு கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கொத்சு எங்கே வருகிறது என்று எட்டிப் பார்த்தார்.