அஞ்சலை கொடுத்த டப்பி

காஜா பெராங் பஸ் நிறுத்தத்தில் வடை சுட்டு விற்ற அஞ்சலையின் சிரிப்பு, சாலையின் அந்தக் கோடி வரை கேட்கும். குருபோங் பக்க ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி வளர்ந்தவள். பஸ் ஓட்டும் கருப்பையாவுக்கு வாழ்க்கைப்பட்டு டவுனுக்கு வந்தாள். தலைவலி என்றுகூட அவள் படுத்ததில்லை. வீட்டில் படுப்பதெல்லாம் கருப்பையாதான்.

நாடு சுதந்திரம் பெற்ற அடுத்த மாதம் அவனுக்கு வயிற்றுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டர் பொன்னுதுரை ஒரு டப்பியைக் கொடுத்தார். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். அதில் மலம் கொண்டுவந்து தரும்வரை இறைச்சியும் மீனும் வாயில் படக்கூடாது, பட்டால் சோதனை ஏமாற்றிவிடும் என்றார்.

கருப்பையா பலமாகத் தலையாட்டினான். ஆனால் செமாபோக்கில் நண்பன் வைத்த விருந்தில் ஆட்டுக்கறிப் பிரட்டல் அவன் வைராக்கியத்தைத் தின்றுவிட்டது. டப்பியைக் கொடுக்க வேண்டிய காலையில் மனைவி முன்னால் வந்து நெளிந்தான்.

"அஞ்சல, நீ பொரட்டாசிக்குக் கவிச்சி தொடலதானே?"

"ஆமா. ஏன்?"

அவன் டப்பியை நீட்டினான்.

"அட கருமமே! இதையுமா கடன் கேப்பீங்க?"

"டாக்டர் ஏசுவாருடி."

கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

சில நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது. இருவரும் போனார்கள்.

"ரத்தம் இருக்குது கருப்பையா. கீழ்வழியால குழாய் விட்டுப் பார்க்கோணும்" என்றார் டாக்டர். தட்டில் நீளமாக ஓர் எஃகுக் குழாய் பளபளத்தது.

கருப்பையாவுக்கு வியர்த்தது. "டாக்டர்... அது எம் பொண்டாட்டியோடது."

டாக்டர் அவனை முறைத்த முறைப்பில் அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். பிறகு அவர் அஞ்சலை பக்கம் திரும்பினார். "அப்ப நீதான் படுக்கோணும், பிள்ளை."

"எனக்கு ஒரு வலியும் இல்லீங்களே ஐயா!"

"வலி வரமுந்திக் கண்டுபிடிக்கத்தானே இந்தச் சோதனை."

அஞ்சலை பக்கத்தில் நின்ற தாதி மல்லிகாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தாள். குழாய் சில்லென்றிருந்தது. வலியைவிட வெட்கம்தான் பெரிது.

"கண்டுட்டன். காளான் மாதிரி ஒரு சின்னச் சதை" என்றார் டாக்டர்.

அடுத்த வாரம் அதே குழாய் வழியே மின்கம்பி விட்டு அதைச் சுட்டு எடுத்தார். சோதித்ததில் கெட்ட நோய் இல்லை. விட்டு வைத்திருந்தால் ஒருநாள் புற்றாக மாறியிருக்கலாம் என்று சொன்னார். கருப்பையா மனைவியின் காவலில் கீரையாகத் தின்று மறுபடி சோதனை கொடுத்தான். வயிற்றில் பூச்சி, மருந்தோடு சரியாயிற்று.

அஞ்சலை எதையும் மறைக்கவில்லை. வடை வாங்க வந்த பெண்களிடம் கதையை நடித்தே காட்டினாள். அவர்கள் முந்தானையால் வாய் பொத்திச் சிரித்தார்கள். செட்டியார் வீட்டு அழகம்மை ஆச்சி மட்டும் சிரிக்காமல், கூட்டம் கலையும்வரை நின்றார்.

"எனக்கும் கொஞ்ச நாளா ரத்தம் படுது, அஞ்சலை. வீட்ல எப்படிச் சொல்றதுன்னே தெரியலை."

அஞ்சலை அடுப்பை அணைத்தாள். "வாங்க ஆச்சி. அதோ எங்க வீட்டுக்காரரு பஸ்சு வருது, அதுலயே போயிடலாம்."