மூன்றாம் வகுப்பில் விட்டதை முதல் வகுப்பில் பிடித்தேன்

இந்த வங்காளத்து ஊரில் பள்ளிக்கூடமே வீட்டு வாசலுக்கு வந்து பிள்ளைகளைக் கூப்பிடுகிறது. ஒன்பதரை மணி ஆனால் போதும், ‘ஜீ’ என்று இங்கே எல்லோரும் கூப்பிடுகிற பள்ளிக்கூடத்து வேலைக்காரி, சந்து சந்தாக நுழைந்து ஒவ்வொரு பெண்ணின் பேரையும் சொல்லிக் கத்துவாள். பெண்கள் பலகையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் வாத்துக் கூட்டம் மாதிரிப் போவார்கள். எங்கள் வீட்டு வாசலில் மட்டும் அவள் இரண்டு பேரைக் கூப்பிடுகிறாள். ஒன்று என் தம்பி மகள் கோமு, வயது ஆறு. இன்னொன்று நான். எனக்கு ஐம்பத்தெட்டு. என்னை அவள் ‘புடி சாத்ரி’ என்பாள். கிழட்டு மாணவி என்று அர்த்தம். தெரு முழுக்கக் கேட்கும்படிதான் சொல்லுவாள். முதலில் எனக்கு முக்காட்டுக்குள்ளே முகம் வேர்த்துப் போகும். இப்போது, “இதோ வந்துட்டேன்” என்று அவள் பாஷையிலேயே சொல்லிவிட்டுப் படி இறங்குகிறேன். ஊரில் இருக்கிற சகோதரிகள் இதைப் படித்துச் சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள். நடந்ததை எழுதுகிறேன்.

தம்பிக்குக் கார்டன் ரீச்சில் ரயில் ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம். அவன் பெண்சாதி போன வருஷம் குறைப் பிரசவத்துக்குப் பிறகு தேறாமல் கிடந்ததால், தனியாக இருந்த என்னைத் திருநெல்வேலியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தான். வந்த புதிதில் ஒரு நாள் அவளுக்கு ஜுரம் ஏறிவிட்டது. தம்பி ஆபீஸில் இருந்தான். வைத்தியர் கொடுத்த இரண்டு சீசாக்களிலும் வங்காளத்தில் எழுதி ஒட்டியிருந்தது. குடிக்கிறது எது, மேலே தடவுகிறது எது என்று தெரியாமல் இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு, தம்பி வருகிற வரைக்கும் நின்றேன். அவள் முனகுவதைக் கேட்டுக்கொண்டே நின்றேன். இந்த எழுத்தைப் படித்தே தீருவது என்று அன்றைக்கு முடிவு பண்ணினேன். ஆனால் யாரிடம் போய்க் கேட்பது? அடுத்த வீட்டு அம்மாளிடம் நெருப்பு கேட்கவே எனக்கு நாக்கு எழும்பாது.

தை மாசத்தில் கோமுவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பாஷை தெரியாமல் அவள் அழுதாள். பக்கத்தில் நான் உட்கார்ந்தால்தான் இருப்பேன் என்றாள். தீதிமணி (வாத்தியாரம்மாவை அப்படித்தான் கூப்பிட வேண்டும்) சரி என்றார். அந்த வாரம் உயிரெழுத்து. அ, ஆ, இ, ஈ என்று நம்முடைய வரிசைதான், நம்முடைய ராகம்தான், உருவம் மட்டும் வேறு. சொந்தக்காரர்கள் வேஷம் கட்டிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. கோமு அழுகையை நிறுத்துவதற்குள் எனக்குப் பாதி வந்துவிட்டது. இரண்டாம் வாரம் மெய்யெழுத்து. நமக்கு ஒரு ‘க’ போதும், இவர்களுக்கு நாலு வேண்டியிருக்கிறது. மூன்றாம் வாரம் எண்ணுவது. நாலு நாலாகச் சேர்த்து, அதற்குக் ‘கண்டா’ என்று பேர் வைத்து எண்ணுகிறார்கள். என் உதடு முணுமுணுப்பதைப் பார்த்து, எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சாரு என்ற பெண் திரும்பித் திரும்பிச் சிரிப்பாள். பிறகு தன் பலகையை நான் பார்த்து எழுதும்படி சாய்த்துப் பிடிப்பாள்.

ஊரில் எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. கழித்தல் வரைக்கும் வந்தேன். மறு வாரம் பெருக்கல் என்று வாத்தியார் சொன்னார், அந்த மறு வாரம் எனக்குக் கல்யாணம். புருஷன் வீட்டில் கொழுக்கட்டையும் ஆட்களும் பெருகினதைப் பார்த்தேனே தவிர, வாய்ப்பாட்டைப் பார்க்கவில்லை. அதனால்தான், மூன்றாம் வாரம் முடிகிறபோது கோமு, “அத்தை, நீ வீட்டுக்குப் போ, நான் இருந்துக்கிடுதேன்” என்று சொன்னது எனக்குப் பகீர் என்றது. தம்பியும் பிடித்துக்கொண்டான்.

“அதான் அவ இருந்துக்கிடுதாளே. இந்த வயசுல பலகையும் கையுமா நீ போனா ஆபீஸ்ல என்னைப் பார்த்துச் சிரிப்பானுவ அக்கா.”

“சிரிக்கட்டும். சிரிச்சா ஆபீஸை மூடிருவாங்களா?” என்றேன். நானா பேசினேன் என்று எனக்கே ஆச்சரியம்.

நாலாம் வாரத்தில்தான் அந்தத் தப்பைச் செய்தேன். நாங்கள் குடியிருக்கிற வீட்டுக் கொல்லையில் ஒரு இலந்தை மரம். பழுத்துப் பழுத்துத் தரையெல்லாம் கொட்டிக் கிடந்தது, ஒரு பிள்ளையும் வந்து பொறுக்கவில்லை. நம் பக்கத்தில் இலந்தை மரத்தடி சும்மா இருக்குமா? பாவம், பட்டணத்துப் பிள்ளைகள், கூச்சப்படுகிறதுகள் என்று நினைத்தேன். எனக்குப் பலகை காட்டின பிள்ளைக்கு ஏதாவது கொடுக்கவும் ஆசை. முந்தானை நிறையப் பழம் கட்டிக்கொண்டு போய், சாருவின் கையில் முதலில் வைத்தேன். அவள் வாயில் போட்டுவிட்டாள். அதற்குள் பின்னாலிருந்து ஒருத்தி, “ஐயோ, பூஜைக்கு முன்னாலே குல் தின்னுட்டா! இனி இவளுக்குப் படிப்பே வராது!” என்று அலறினாள். சாரு துப்பினாள், அழுதாள், வகுப்பு முழுக்க அழுதது. இங்கே மாக மாசத்தில், நம் தை மாசக் கடைசியில்தான் சரஸ்வதி பூஜை. அவளுக்குப் படைக்கிறதுக்கு முன்னால் படிக்கிற பிள்ளை எதுவும் ‘குல்’ என்கிற இந்த இலந்தைப் பழத்தைத் தொடாது. எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் புரட்டாசியிலேயே ஏடு அடுக்கி, சுண்டல் பண்ணி, அவளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேனே!

மறுநாள் தீதிமணி என்னை வாசலிலேயே நிறுத்தினார். சாருவின் அம்மாவுக்கு ரொம்பக் கோபம், பெண்ணை நிறுத்திவிடுவேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாளாம். அவள் நிறுத்தினால் அந்தத் தெருப் பெண்கள் நாலு பேரும் நிற்பார்கள். “உங்கள் பெண் இப்போது தனியாகவே இருக்கிறாள். நீங்கள் வர வேண்டிய அவசியம் என்ன?” என்று கேட்டார். பலகையை மார்போடு பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். கடைசியில் அவரே, “சாருவின் அம்மா சரி என்றால் எனக்கும் சரி” என்றார்.

அழையாத வீட்டுக்கு ஜன்மத்தில் நான் போனதில்லை. அன்றைக்குப் போனேன். வழி காட்டிய ஜீ, “புடி சாத்ரி உதை வாங்கப் போறா” என்று சொல்லிவிட்டு, வேடிக்கை பார்க்க அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். சாருவின் அம்மா முப்பது வயசுக்காரி. மீன் அரிந்துகொண்டிருந்தவள் எழுந்திருக்கவில்லை.

“உங்க நாட்டிலே சரஸ்வதியே கிடையாதா?” என்றாள்.

“உண்டு. எங்களுக்கு அவள் ஆஸ்வின மாசம் வருவாள். நான் படைச்சாச்சு” என்றேன். நம் புரட்டாசிதான் இவர்களுக்கு ஆஸ்வினம்.

“ஆஸ்வினத்திலே அவள் தன் அம்மாகூட இல்லையா வருகிறாள்! நாலு பிள்ளையில் ஒருத்தியா வருகிறவளுக்கு அப்போ எப்படித் தனியாப் பூஜை போடுவீங்க?” என்றாள். இங்கே நவராத்திரிக்கு அம்பாள் நாலு பிள்ளைகளோடு தாய்வீடு வருகிறதாக ஐதீகம், சரஸ்வதி அவளுக்கு மகள்.

“எங்க ஊருக்கு அவள் அம்மாகூட வந்தாலும் கடைசி மூணு நாள் அவளுடையது” என்றேன். எனக்குத் தெரிந்த வார்த்தைகளைக் கோத்துக் கோத்துச் சொன்னேன். பிறகு கேட்காமலேயே சீசாக் கதையையும் சொன்னேன். வார்த்தை கிடைக்காத இடத்தில் இரண்டு கையையும் நீட்டி, நின்ற மாதிரி நின்று காட்டினேன். அவள் அரிவதை நிறுத்திவிட்டாள்.

“மாஷிமா, உனக்கு வருஷத்துக்கு ரெண்டு தரம் படைக்கிற கடன் இருக்கு. எங்க வீட்டுப் பூஜைக்கு உன் மரத்துப் பழத்தைக் கொண்டு வா. அவள் முன்னாலே சாரு கையிலே நீயே கொடு” என்றாள். பிறகு ஜீயைப் பார்த்து, “தீதிமணிகிட்டே போய்ச் சொல்லு” என்று அதட்டினாள். மாஷிமா என்றால் பெரியம்மா. இந்த ஊரில் என்னை முறை வைத்துக் கூப்பிட்ட முதல் ஆள் அவள்தான்.

பூஜை நடந்தது. பழம் கொடுத்தேன், சாரு கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். ஒரு கொட்டையை என் கையிலேயே துப்பினாள். மறு வாரம் பழையபடி என் இடத்தில் உட்கார்ந்தேன். அந்த வாரம் முழுக்கக் கூட்டெழுத்து. சனிக்கிழமை வீட்டில், அந்தப் பழைய சீசாக்களில் ஒன்றை எடுத்து, ஒட்டியிருந்த காகிதத்தை எழுத்துக் கூட்டி வாசித்தேன். ‘மேலே தடவ’ என்று இருந்தது. தம்பி பெண்சாதி படுத்தபடியே, “சரியாத்தான் வாசிக்கிறீங்களா மதினி?” என்றாள். “வேணும்னா குடிச்சுப் பாரு” என்றேன்.

இந்த வாரம் திசை. தீதிமணி எங்களை முற்றத்தில் கிழக்கே பார்த்து நிறுத்தி, வலது கைப்பக்கம் தெற்கு, இடது கைப்பக்கம் வடக்கு என்று சொல்லிக் கொடுத்தார். பிறகு ஒவ்வொருத்தியாக, அவரவர் வீடு இருக்கிற பக்கம் கையை நீட்டிக் காட்டச் சொன்னார். சாரு பின்னால் காட்டினாள். கோமு இடது பக்கம் காட்டினாள். என் முறை வந்ததும் என் வலது கை தானாகத் தெற்கே, திருநெல்வேலிப் பக்கம் நீண்டுவிட்டது. “அத்தை, நம்ம வீடு இந்தப் பக்கம்” என்று கோமு என் இடது கையைப் பிடித்து வடக்கே இழுத்தாள். அதையும் நீட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். தீதிமணியும் சிரித்துக்கொண்டே, “ஒரு கையை இறக்குங்கள்” என்றார். இத்தனை வாரத்தில் அவர் சொன்னதில் அந்த ஒன்றைத்தான் நான் கேட்கவில்லை. மணி அடிக்கிற வரைக்கும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டே நின்றேன்.