மாமி தட்டிய மூன்று இடங்கள்

மற்றவர் நித்திரை கொள்வதைப் பக்கத்தில் முழித்திருந்து பார்ப்பதற்குச் சம்பளம் வாங்கும் தொழில் என்னுடையது. விடிய விடிய முழித்துவிட்டு வேலைக்குப் போன வாசகர்களுக்கு இந்த வேதனை விளங்கும். யாழ்ப்பாணத்து ஆசுபத்திரி ஒன்றில், மூளையின் மின் அலைகளைக் காகிதத்தில் கீறும் மெஷின் என் பொறுப்பில் இருந்தது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். பிழைவிட்டுவிடுவேனோ என்ற பயம் எப்போதும் கூடவே வரும்.

வெங்காயப் பிடி

வலிப்பு இருக்கிறதா என்று பார்க்க, முதல்நாள் இரவு முழுக்க முழித்திருந்து வரச் சொல்வோம். களைத்த மூளை நித்திரைக்குள் இறங்கும்போது ஒளித்திருக்கும் கோளாறு சிலவேளை வெளியே வரும். உரும்பிராயிலிருந்து பவளம் அக்கா, புருசனின் தாயான மாமியோடும் எட்டு மாதக் குழந்தையோடும் வந்தார். அடுப்படியில் இரண்டு தரம் கைகால் இழுத்து விழுந்தவர். அன்றிலிருந்து குழந்தையைத் தூக்க மாமி அவரை விடவில்லை.

"இடையிலை கண் அயர்ந்தவவோ, அம்மா?" என்று மாமியைக் கேட்டேன். அக்காவின் விரல்களில் வெங்காய மணம். மாமி நிமிர்ந்தார்.

"விடியுமட்டும் ரண்டுபேரும் சந்தைக்கு வெங்காயம் பிடி பிடியாக் கட்டினனாங்கள், தம்பி. அவள் கண்ணை மூட நான் விடுவனே?"

பழகிய கை

கரண்ட் இல்லாத காலம்; அன்று ஜெனரேற்றருக்கு ஒரு மணி நேரத்துக்குத்தான் எண்ணெய். காகிதமும் கடைசிக் கட்டு. தலையில் கம்பிகளை ஒட்டி, கண்ணை மூடச் சொன்னேன். பேனைகள் சீப்புப் பல்லுப்போல நெருக்கமாகக் கீறின. கொஞ்ச நேரத்தில் பற்கள் கரைந்து கோடுகள் தளர்ந்தன. நித்திரை வாசலுக்கு வந்துவிட்டது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"பிள்ளை, முழி!" மாமி தோளில் தட்டினார். பேனைகள் துள்ளின. பழையபடி சீப்புப் பல்.

மூன்று தரம் இப்படியே. தட்டவேண்டாம் என்று நான் சொன்ன ஒவ்வொரு தரமும் மாமி தலையாட்டினார். இரவு முழுக்கப் பழகிய கைதான் கேட்கவில்லை. குழந்தையோடு அவரை வெளியே அனுப்பினேன். விறாந்தையில் குழந்தை அழ, அக்கா கொட்டக் கொட்ட முழித்தபடி கிடந்தார். ஜெனரேற்றரைப் பார்த்துக்கொள்ளும் சிவபாதம் அண்ணை எட்டிப் பார்த்தார்.

"இன்னும் இருவது நிமிசம்தான் ஓடும். மெஷினாலை நித்திரையைக் கொண்டுவரேலாது தம்பி, மாமியைக் கூப்பிடுமன்."

விரித்த துணி

அழுகை அடங்கிய குழந்தையோடு மாமி வந்தார். இந்தத் தரம் தட்டவில்லை. "நித்திரை கொள்ளு பிள்ளை. இவனை நான் பாக்கிறன்," என்றார். கோடுகள் தளர்ந்தன, பிறகு நடுவில் தடித்து இருபுறமும் மெலிந்த சின்னச் சின்னக் கொத்துகள் வந்தன. நித்திரைதான். அதற்குள்ளே, வரக்கூடாத கூரான பாய்ச்சல்களும் வந்தன. தானும் இரவிரவாக முழித்த அந்த மனுசி, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, கண் அயராமல் நின்றார். அப்படி ஒரு காவலை நான் கண்டதில்லை.

எழும்பியதும் அக்கா கேட்டார்: "தம்பி, பிள்ளையைத் தூக்கலாமோ?" கண்டது எனக்குத் தெரியும், சொல்வது என் வேலை இல்லை. டொக்டரிடம் அனுப்பினேன். வலிப்புத்தான், குளிசையைத் தவறாமல் போடவேண்டும், கிணற்றடிக்குத் தனியே போகக்கூடாது என்றார் அவர். குழந்தையை நிலத்தில் இருந்துகொண்டு வைத்திருக்கலாம், நின்றபடி வேண்டாம்.

விறாந்தைக்கு வந்ததும் மாமி குழந்தையின் துணியை நிலத்தில் விரித்தார்.

"இரு பிள்ளை. இந்தா, பிடி உன்ரை பிள்ளையை. எழும்பி நடக்கிற வேலையை என்னட்டை விடு."

கோடு துள்ளிய இடத்திலெல்லாம் காரணம் எழுதவேண்டும் என்பது எங்கள் தொழில் விதி என்பதால், அந்த மூன்று இடத்திலும் 'மாமி' என்று உள்ளபடியே எழுதிக் கொடுத்தேன்.