அக்கியும் ஹக்கியும்

எங்கள் சித்தப்பாவுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சோற்றுத் தட்டை வைத்துவிட்டுக்கூட எழுந்து நடப்பார். அந்த வாரமோ கேட்கவே வேண்டாம். பேட்டையில் ஓர் அரிசி மண்டிக்காரர் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதக் கொடுத்திருந்தார். பெயருக்கு மேலே பெரிதாக ஒரு படமும் கேட்டிருந்தார். அப்பா தீர்த்துச் சொல்லிவிட்டார். "இது தேறுச்சுன்னா நீ பெயிண்டரு. இல்லேன்னா திங்கக்கெழம என்கூட மில்லுக்கு வந்து சேரு."

முதல் நாள் சித்தப்பா என்னிடம் ஒரு பிடி அரிசி எடுத்துவரச் சொன்னார். தரையில் கொட்டினார், வரைந்தார், கிழித்தார். "சீ, இதுல இன்னாடி இருக்குது!" என்று எழுந்தவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடுகோடியிலிருந்து லால்பாகுக்கு நடந்தார். பாவாடை தடுக்கத் தடுக்க நான் கூடவே ஓடினேன்.

அங்கேயும் நிலைகொள்ளவில்லை. கண்ணாடி மாளிகையைச் சுற்றினோம், பாறைமேல் ஏறினோம், இறங்கினோம். எனக்குக் கால் கடுத்தது. கடலைக்காய் வாங்கித் தருவார் என்ற நப்பாசையில் பின்னாலேயே போனேன். ஏரிக்கரையில் சட்டென்று நின்றார். பட்டமரக் கிளையில் ஒரு நீர்க்காகம் இறக்கைகளை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. சித்தப்பா உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி ஆடாமல் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. உடம்புக்கு என்னவோ என்று பயந்தே போனேன்.

மறுநாளும் போனோம். "ஆ ஹக்கி தினா பருத்தா?" என்று தோட்டக்காரரிடம் கன்னடத்தில் கேட்டார், அந்தப் பறவை தினமும் வருமா என்று. 'ஹ' கணீரென்று விழுந்தது. எங்கள் தெருவில் யாருக்கும் அந்த எழுத்து வராது. பாலுக்குச் சொல்லும் ஹாலு எங்களுக்கு ஆலு, பூவுக்குச் சொல்லும் ஹூவு எங்களுக்கு ஊவு. எனக்கு ஒரே பெருமை.

பலகை தயாரானது. இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை கறுப்பு இறக்கை. மண்டிக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அய்யோ தேவரே! நான் ஹேளித்து அக்கி! ஹக்கி அல்லப்பா!" கன்னடத்தில் அக்கி என்றால் அரிசி, ஹக்கி என்றால் பறவை. அவர் சொன்னது அக்கியாம். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். "காதுல தப்பா வுழுந்துடுச்சி, சாமி."

வீடே சிரித்தது. "ஒரு 'ஹ'வால பொழப்பு போச்சேடா!" என்று அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. பலகை எங்கள் குளியல் மறைப்புக்குப் போயிற்று.

ஞாயிறு சாயங்காலம், விடிந்தால் மில்லு. சித்தப்பா முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். எனக்கோ ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது.

"ஏன் சித்தப்பா, மொதல்ல அரிசிதானே வரஞ்சீங்க? அப்பறம் எப்பிடி மறந்தீங்க?"

நடந்தவர் நின்றார். உள்ளே அப்பா இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பெப்பர்மிண்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"உனுக்கு ஞாபகம் ஜாஸ்திடி. இந்தா, வாயில போட்டுக்கோ."

என் புத்திசாலித்தனத்தை மெச்சித்தான் கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, வாயை இறுக மூடி, அது கரையும்வரை சப்பிக்கொண்டிருந்தேன்.