கேட்டை வெடிக்கும் என்று சொன்னேன்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்தைக் கெடுத்தேன். சொந்த அக்காவின் கல்யாணத்தை. ஆயுதம்... பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ்.

அக்கா கேட்டை நட்சத்திரம். கேட்டைப் பெண் மருமகளாக வந்தால் மாப்பிள்ளையின் அண்ணனுக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு. மூன்று வரன் அப்படியே போனது. அக்காவுக்கு இப்போது முப்பத்தொன்று.

இந்த முறை சங்கராபுரத்து மாப்பிள்ளை. அவருக்கும் ஓர் அண்ணன் உண்டு. ஆனால் அந்த அண்ணனே வடக்கனந்தலில் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, கேசரி சாப்பிட்டபடி சொன்னார்: "எனக்கு இன்னா ஆவப் போவுது? தெனமும் வெள்ளிமலைக்கு பஸ் ஓட்டிக்கினு ஏறி எறங்கறேன். அந்த வளைவுங்க பண்ணாததையா ஒரு பொண்ணு பண்ணிடும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய அம்மாவும் சிரித்தார். முடிந்தது மேட்டர். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா?

"கரெக்ட்டுண்ணே!" என்று குதித்தேன். "கேட்டைங்கறது செவப்பு ராட்சச நட்சத்திரம். சூரியனவிட எழுநூறு மடங்கு அகலம். சூரியன் இருக்கற எடத்துல வெச்சா பூமி, செவ்வா எல்லாம் அது வயித்துக்குள்ள!"

"அடேங்கப்பா!" என்றார் அந்த அம்மா.

"சைஸுதாங்க பெருசு. மேல பூரா காத்தைவிட லேசு. சூடும் சூரியனவிட கம்மி, அதான் செவப்பு. அதோட வெளிச்சம் இங்க வரவே ஐந்நூத்தம்பது வருஷம் ஆவும். அது எங்க, சங்கராபுரம் எங்க?"

"கடைசீல அது இன்னா ஆவும் தம்பி?" என்று கேட்டார் அந்த அம்மா.

ஃபுல் மார்க் வாங்குகிற கேள்வி. விடுவேனா? "வெடிக்கும்!"

"எப்போ?"

"லட்சம் வருஷம் ஆவலாம். நாளைக்கே கூட ஆவலாம். ஏற்கெனவே வெடிச்சிருந்தாலும் நமக்கு இன்னும் சேதி வந்திருக்காது."

அண்ணன் கேசரித் தட்டைக் கீழே வைத்தார்.

அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. மலைப் பாதையில் பஸ் ஓட்டும் மகனைப் பார்த்தார். "போய்ட்டு போன் பண்றோங்க" என்று எழுந்தார்.

லட்சம் வருஷம் அவர் காதில் விழவேயில்லை. 'நாளைக்கே' மட்டும்தான் விழுந்தது. பயப்படுகிறவர்களுக்கு விளக்கம் கொடுப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம் — அவர்களோ அதிலிருந்து தங்கள் பயத்துக்கு ஆதாரம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

அம்மா இரண்டு நாள் என்னைத் திட்டித் தீர்த்தாள். அக்கா திட்டவே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்ததும் அக்கா காய்ந்த துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"எதுடா அது?"

தெற்கே கை காட்டினேன். அணைக்காமல் விட்ட பீடி நுனி மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி. துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

"அது வெடிச்சிட்டா, என் ஜாதகத்துலருந்து பூடுமாடா?"

மூன்று வருஷம் ஃபிசிக்ஸ் படித்த நான், கொடியில் மிச்சமிருந்த துணிகளை எடுக்க ஆரம்பித்தேன்.

ஐந்நூற்றைம்பது வருஷம் நடந்து அந்த வெளிச்சம் எங்கள் மாடிக்கு வந்துவிட்டது. சங்கராபுரத்திலிருந்து போன்தான் இன்னும் வரவில்லை.