கல்யாணக் காசு

போர்ட் கிள்ளானில் லோரி டயர் கடை வைத்திருக்கும் நாகேந்திரனுக்குப் பேங்கில் முப்பதாயிரம் வெள்ளி ஓவர்டிராஃப்ட். பதினோரு வருஷமாக வட்டி மட்டும் கட்டி வருகிறார். செலவு குறைவாக அதை எப்படி அடைப்பது, நகையை அடகு வைப்பதா, சீட்டு எடுப்பதா என்று மகள் கோமளாவைக் கேட்டார்.

கோமளா பேங்க் ஆபீசரின் குரலிலேயே இழுத்தாள். "அங்கிள், பெர்சனல் லோன் எடுங்க லா. ஈசி லா." பிறகு தன் குரலுக்கு வந்தாள். "அதெல்லாம் வேணாம்ப்பா. பிரிக்பீல்ட்ஸ் பேங்க்ல முப்பத்திரண்டாயிரம் ஃபிக்சட்ல போட்டு வச்சிருக்கீங்க. அங்க மாசம் எண்பது வெள்ளி வருது, இங்க இருநூறு போகுது. அதை எடுத்துக் கட்டுங்க. அதான் சீப்."

"அது உன் கல்யாணக் காசும்மா."

"எனக்கு நாப்பத்தொண்ணுப்பா. மாப்பிள்ளை இனிமேதான் பொறந்து வரணுமா?"

அவர் சிரிக்கவில்லை. அந்த வட்டிக் கணக்கு அவருக்கும் தெரியும். அந்தக் காசைத் தொட்டால், மகளுக்கு இனி கல்யாணம் இல்லை என்று தானே முடிவு கட்டியதாகிவிடும். அதற்குப் பயந்துதான் இத்தனை வருஷம் வட்டி கட்டினார்.

மறுநாள் இருவரும் பிரிக்பீல்ட்ஸ் போனார்கள். கவுண்டர் பையன் ஃபாரத்தைப் புரட்டினான். "எதுக்கு அங்கிள் எடுக்கிறீங்க?"

கடனுக்கு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "மகளுக்குக் கல்யாணம்," என்றார்.

"கங்கிராட்ஸ் அங்கிள்." பையன் கோமளாவிடம் திரும்பினான். "உங்க தங்கச்சிக்கா, அக்கா?"

"ஆமா," என்றாள் கோமளா. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை அப்பாவுக்குக் காட்டினாள்.